ஜெபிப்பதற்கு அனுமதி கேட்க வேண்டுமா?

கேள்வி: ருவண்டா அரசு ஆயிரக்கணக்கான சபைகளை மூடியதுபோல, இலங்கையிலும் வீடுகளில் நடக்கும் பெந்தெகொஸ்தே கிறிஸ்தவ சபைகளைக் கட்டாயமாகப் பதிவுசெய்து, படிப்பில்லாத போதகர்களைத் தடைசெய்தால் என்ன? எங்கள் ஒழுங்கையில் ஒலிபெருக்கியின் தொல்லை தாங்க முடியவில்லை.
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: செய்யக்கூடாது. ருவண்டாவின் 2018 ஆம் ஆண்டுச் சட்டம் போதகர்களுக்குச் சமயக் கல்விப் பட்டத்தைக் கட்டாயமாக்கியது. பாதுகாப்பற்ற கட்டடங்களையும் இரைச்சலையும் காரணமாகக் கூறியே பல சபைகள் மூடப்பட்டன. இடிந்துவிழக்கூடிய மண்டபத்தைப் பூட்டுவது அரசின் கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் யார் போதிக்கத் தகுந்தவர் என்பதை அச்சபையின் விசுவாசிகளே தீர்மானிக்க வேண்டும். படிப்பே அளவுகோலாக இருந்திருந்தால் இயேசுவின் சீடரான மீனவர் பேதுருவுக்கும் இடமிருந்திராது, வேடரான கண்ணப்பருக்கும் இடமிருந்திராது.

2023 இல் கென்யாவின் ஷகஹோலா காட்டில், போதகரின் சொற்படி பட்டினி கிடந்த ஒரு சபையைச் சேர்ந்த 400க்கு மேற்பட்டோரின் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டதை நீங்கள் எடுத்துக்காட்டலாம். அந்தப் போதகரோ, இரு குழந்தைகளின் பட்டினிச் சாவு தொடர்பில் சில வாரங்களுக்கு முன்னரே கைதாகிப் பிணையில் விடப்பட்டிருந்தவர். கையிலிருந்த குற்றவியல் சட்டத்தை உரிய வேளையில் பயன்படுத்தியிருந்தால் பல உயிர்கள் தப்பியிருக்கும்.

நம் நாட்டு அனுபவம் இன்னும் தெளிவானது. அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தாலும், விரும்பிய சமயத்தை ஏற்கும் சுதந்திரத்தை 10 ஆம் உறுப்புரையும், தனித்தோ பிறருடன் கூடியோ வழிபடும் உரிமையை 14 ஆம் உறுப்புரையும் எல்லாச் சமயத்தவருக்கும் உறுதிசெய்கின்றன. அப்படியிருக்க, புதிய வழிபாட்டிடங்களைக் கட்டுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று 2008 இல் சமய விவகார அமைச்சு விடுத்த சுற்றுநிருபத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே இயங்கிவந்த சின்னஞ்சிறு ஜெப வீடுகளிடமும் அதிகாரிகளும் பொலிஸாரும் பதிவுப் பத்திரம் கேட்டார்கள், கூட்டங்களை நிறுத்தச் சொன்னார்கள். அந்தச் சுற்றுநிருபம் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமன்று. ஊரில் எதிர்ப்பு எழும் இடங்களில், அனுமதி கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பான்மையினரின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. பெந்தெகொஸ்தே சபைகளை வெளிநாட்டிலிருந்து நேற்று வந்தவை என்போரும் உளர். 1920களில் இலங்கையில் தோன்றிய பெந்தெகொஸ்தே மிஷன் இங்கிருந்துதான் இந்தியாவுக்குச் சென்றது.

இந்து வாசகர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். 2024 சிவராத்திரி இரவில் வவுனியா வெடுக்குநாறிமலையில் வழிபடச் சென்ற எட்டுப் பேர் கைதானபோது நாம் எல்லோரும் கொதித்தெழுந்தோம். அன்று கேட்ட அதே உரிமையைத்தான் ஜெப வீட்டில் கூடும் பத்துக் குடும்பங்களும் கேட்கின்றன.

ஒலிபெருக்கி பற்றிய உங்கள் முறைப்பாடு நியாயமானது. வெலிகமப் பள்ளிவாசல் ஒன்று தொடர்பான வழக்கில் 2007 இல் உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கக்கூடாது என்று கட்டளையிட்டது. அது விகாரைக்கும் கோயிலுக்கும் சபைக்கும் ஒன்றுபோலவே பொருந்தும். பொலிஸில் முறையிடுங்கள், திருவிழாக் காலத்தில் கோயில் ஒலிபெருக்கி நள்ளிரவுவரை அலறினாலும் அதே முறைப்பாட்டைச் செய்யுங்கள்.