சுருட்டைப் பத்திரமாக வைப்பது உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா? ஈரப்பதம் காக்கும் சுருட்டுப் பெட்டியான ஹ்யூமிடார் வாங்கியே ஆக வேண்டுமா?

வாங்கி ஒரு வாரத்துக்குள் பிடித்து முடிக்கிறவர் என்றால் இந்தக் கேள்வியே உங்களுக்கு வேண்டாம். மாதக்கணக்கில் வைக்கப் போகிறீர்கள் என்றால் ரொம்ப முக்கியம். ஆனால் அதற்கு ஹ்யூமிடார்தான் வேண்டும் என்பதில்லை. 25 சுருட்டில் 18ஐப் பாழாக்கிய பிறகு சொல்கிறேன்.

மச்சான் துபாயிலிருந்து வரும்போது ஒரு டொமினிக்கன் சுருட்டுப் பெட்டி கொண்டுவந்தார். நான் மாதம் ஒன்றோ இரண்டோ பிடிக்கிற ஆள். சென்னை வெயிலுக்குப் பயந்து பெட்டியை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தேன். முதல் தப்பு. உறைபனி கட்டாத இன்றைய ஃபிரிட்ஜ்கள் உள்ளே இருக்கிற காற்றை வறட்டிவிடும். மூடி வைக்காத கொத்தமல்லிக்கட்டு இரண்டு நாளில் என்ன ஆகிறதோ அதேதான் சுருட்டுக்கும். மூன்று வாரம் கழித்து ஒன்றை எடுத்து விரலால் லேசாக அழுத்தினேன். அப்பளம் மாதிரி சத்தம் வந்தது. மேல் இலை நீளவாக்கில் விரிந்துவிட்டது.

கையால் சுருட்டிய நல்ல சுருட்டில் மூன்று அடுக்கு உண்டு. நடுவில் நீள நீளமான இலைகள், அதைப் பிடித்துக் கட்டும் இலை ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய அழகான மேல் இலை. இலையை ஈரப்பதத்தோடு பதமாக வைத்துத்தான் சுருட்டுவார்கள். காற்று வறண்டால் மேல் இலை முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே இருப்பது அதே வேகத்தில் சுருங்காது, அதனால் வெடிக்கும். அதைப் பற்றவைத்தால் சரசரவென்று எரியும், புகை சூடாக நாக்கைச் சுடும். இலையில் இருக்கும் எண்ணெய்ப் பசையும் காயும்போதே போய்விடும். பிறகு ஈரம் ஏற்றினாலும் ஈரம்தான் வரும், போன மணம் வராது. அவசரப்பட்டு ஈரம் ஏற்றினால் உள் இலை உப்பி மேல் இலையை இன்னும் கிழிக்கும். நான் அதையும் செய்து பார்த்தேன்.

மிச்சத்தைத் துணி பீரோவுக்கு மாற்றினேன். அங்கே பாச்சா உருண்டை போட்டிருப்பது எனக்கு ஞாபகம் இல்லை. புகையிலை அக்கம்பக்கத்து வாசனையை அப்படியே குடிக்கும். இதுவாவது மூக்குக்குத் தெரிந்தது. அடுத்தது தெரியவே இல்லை.

மே மாதம் பெட்டியைத் திறந்தால் நாலைந்து சுருட்டில் குண்டூசி குத்தியது போல வட்டமான ஓட்டை. கவிழ்த்துத் தட்டினால் பொடி கொட்டியது, கூடவே எள்ளை விடச் சின்னதாகச் செம்பழுப்பில் ஒரு வண்டு. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இது நம்ம மல்லி டப்பால வர்ற வண்டுதானே, இதுக்கா இவ்வளவு முழிக்கிற?” என்றார். அம்மா சொன்னது சரி. புகையிலை வண்டு என்று பெயர்தானே தவிர மஞ்சள், மல்லி, மிளகாய் வற்றல் எல்லாவற்றையும் தின்னும். முட்டை இலையிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். குளிர்ச்சியாக இருக்கும்வரை சும்மா கிடக்கும். சூடு 24 டிகிரிக்கு மேலே ஏறினால் அதற்குக் கொண்டாட்டம். புழு உள்ளே சுரங்கம் போட்டுத் தின்னும். நாம் பார்க்கிற ஓட்டை அது வளர்ந்து வெளியே வந்த வழி.

இதிலிருந்து எனக்குப் புரிந்த ஒரு விஷயத்தை இணையத்தில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அங்கே கிடைக்கும் அறிவுரையில் பாதி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடி வீட்டுக்காற்று வறண்டு கிடக்கும் ஊர்களில் எப்படி ஈரம் ஏற்றுவது என்பதுதான் கவலை. 70 சதவீத ஈரப்பதம், 70 டிகிரி ஃபாரன்ஹீட் (நம் கணக்கில் 21) என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். கியூப சுருட்டுக்கு 65 சதவீதம் போதும் என்கிறவர்களும் நிறைய. சென்னையில் ஜன்னலைத் திறந்து வைத்தாலே 70க்கு மேல் இருக்கும். நம் பிரச்சினை சூடும், ஏற்ற இறக்கமும். ராத்திரி ஏசி ஓடும்போது என் ஈரப்பத மீட்டர் 50 பக்கம் காட்டும், காலையில் அணைத்துக் கதவைத் திறந்தால் 75. சுருட்டு தினமும் சுருங்கி விரிந்தால் எந்த மேல் இலை தாங்கும்? ஈரம் ரொம்ப அதிகமானால் வேறு தொல்லை: பூஞ்சை பிடிக்கும், இழுத்தால் புகை வராது, ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் அப்படியே நிற்கும்.

சரி, ஹ்யூமிடார். ஸ்பானிஷ் சீடர் என்கிற மரத்தின் பலகையில் செய்த அழகான பெட்டி. பெயர்தான் சீடர், அதாவது தேவதாரு; மரம் நம் வேம்புக் குடும்பம். ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும், மணமும் நன்றாக இருக்கும். ஆனால் புதுப்பெட்டியை ஒன்றிரண்டு வாரம் ஈரம் காட்டிப் பழக்காமல் சுருட்டை வைத்தால் பலகையே சுருட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மலிவான பெட்டிகளில் மூடியும் சரியாக உட்காராது. மேசையில் வைத்து அழகு பார்க்க ஆசை என்றால் வாங்குங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் வைத்திருப்பது மூடியில் ரப்பர் வளையம் போட்ட சாதாரண பிளாஸ்டிக் டப்பா. நன்றாகக் கழுவி, வாசனை போகும்வரை வெயிலில் காயவைத்தது. அதில் இரண்டு பக்கமும் வேலை செய்கிற ஈரப்பதப் பொட்டலம் ஒன்று, 65 அளவு. குறைந்தால் விடும், கூடினால் வாங்கும். 60 கிராம் பொட்டலம் ஏறத்தாழ 25 சுருட்டுக்குத் தாங்கும். கூட ஒரு டிஜிட்டல் மீட்டர். முள் வைத்த மீட்டரை நம்பாதீர்கள். எந்த மீட்டரானாலும் முதலில் உப்பு வைத்துச் சோதியுங்கள். பாட்டில் மூடியில் தூள் உப்பு, கரையாமல் கூழாகிற அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர், மீட்டரோடு சேர்த்து ஜிப் பையில் ஒரு நாள். உள்ளே சரியாக 75 காட்ட வேண்டும். என்னுடையது 69 காட்டியது. அன்றிலிருந்து 6 கூட்டிப் படிக்கிறேன்.

புதிதாக வருகிற சுருட்டை ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18இல் ஒரு வாரம் ஃபிரீசரில் வைத்து, பிறகு ஒரு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், அதன் பிறகுதான் வெளியே. வண்டு, முட்டை இரண்டுக்கும் இதுதான் வைத்தியம். அவசரப்பட்டு நேரே வெளியே எடுத்தால் மேல் இலை வெடிக்கும். டப்பாவை மேற்குச் சுவர் படாத அறையில், தரையோடு ஒட்டிய தட்டில் வைக்கிறேன். மே மாதம் அது போதாதுதான். அந்த மாதம் வாங்குவதையே நிறுத்திவிட்டேன்.

தாத்தா இதையெல்லாம் கேட்டால் சிரிப்பார். அவர் பிடித்தது உறையூர்ச் சுருட்டு, இரண்டு முனையும் வெட்டி விட்டது. இங்கிலீஷ்காரன் செரூட் என்று எடுத்துக்கொண்டுபோன சொல்லே நம் சுருட்டுதான். பெட்டிக்கடையில் நாலு வாங்கி வேட்டி மடிப்பில் செருகுவார், மறுநாள் சாயங்காலம் மடி காலி. எங்கே கெட்டுப்போக?

மிஞ்சிய 7 சுருட்டையும் டப்பாவில் வைத்து ஆறு மாதம் விட்டேன். விரலுக்குப் பதமாகத்தான் இருந்தன. மச்சான் அடுத்த லீவில் வந்தபோது பெருமையாக ஒன்றை நீட்டினேன். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, “என்ன மாப்ள, பட்டுப்புடவை மடிச்சு வெச்ச பீரோ வாசனை வருது?” என்றார்.