நாளுக்கு 200 ரூபாயில் ஐந்து பேர் சாப்பாடு: கணக்கு எங்கே உடைகிறது?

கேள்வி: திருநெல்வேலி பக்கம் முக்கூடலில் இருக்கிறோம். கணவர் கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறார், சனிக்கிழமைதான் சம்பளம். நான் பீடி சுற்றுகிறேன். மாமியார் (சர்க்கரை நோய் உண்டு), ஒன்பதாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன் என வீட்டில் ஐந்து பேர். பிள்ளைகள் இரண்டு பேரும் அரசுப் பள்ளி. கேஸ் தனி, சாப்பாட்டுக்கு நாளுக்கு 200 ரூபாய்தான் ஒதுக்க முடியும். ஆனால் 265 வரை போய்விடுகிறது. அண்ணாச்சி கடையில் பாக்கி 3,400. ரேஷனில் 20 கிலோ அரிசி வருகிறது, சோறு குழைகிறது என்று யாரும் தொடுவதில்லை, பாதி மாட்டுக்குத்தான் போகிறது. கடையில் இரண்டு கிலோ, மூன்று கிலோவாக அரிசி வாங்குகிறேன். வாரம் நாலு பாக்கெட் இட்லி மாவு. சனிக்கிழமை பரோட்டா. உரிமைத்தொகை ஆயிரம் குழு லோனுக்குப் போய்விடுகிறது. எதைக் குறைக்க?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சாப்பாட்டின் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. நீங்கள் அதிகம் சாப்பிடுவதால் பணம் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதால் போகிறது. ஒரு மாதச் சரக்கை ஒன்றாக எடுக்கக் கையில் முதல் இல்லை. அதனால் 10 ரூபாய் மசாலா, 100 மில்லி எண்ணெய், 2 கிலோ அரிசி என்று ஒவ்வொரு தடவையும் கூடுதல் விலை கொடுக்கிறீர்கள். அந்தக் கூடுதல்தான் அண்ணாச்சி நோட்டில் பாக்கியாக ஏறி நிற்கிறது.

கணக்கைப் பார்ப்போம். நான் போட்டிருக்கும் விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் கடை விலையை எழுதி மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் அரிசி. பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடும் நாட்களையும் சேர்த்துப் பார்த்தால், இட்லி தோசைக்கும் உட்பட உங்கள் வீட்டுக்கு நாளைக்கு ஒன்றேகால் கிலோ போதும். மாதம் 38 கிலோ. ரேஷனில் 20 கிலோ விலையில்லாமல் வருகிறது, வாங்க வேண்டியது 18 கிலோதான். ரேஷன் அரிசியில் பாதியை விட்டுவிட்டு, 28 கிலோவைச் சில்லறையாக 58 ரூபாய்க்கு வாங்குவதால் 1,624 ரூபாய் ஆகிறது. 18 கிலோவை மூட்டை விலையில், 50 ரூபாய்க்கு எடுத்தால் 900. இந்த ஒன்றிலேயே மாதம் 724 ரூபாய் நிற்கிறது.

ரேஷன் அரிசி குழைவதற்குக் காரணம் பெரும்பாலும் குக்கர். தண்ணீர் முழுவதையும் அரிசிக்குள்ளேயே அடைத்து வைப்பதால் இந்த அரிசி கூழாகிவிடுகிறது. மூன்று தண்ணீரில் கழுவி அரை மணி நேரம் ஊற வைத்து, பெரிய பானையில் நிறையத் தண்ணீர் கொதித்த பிறகு போடுங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை இருக்கும்போதே வடித்துவிட வேண்டும், மீதி வேக்காடு பானைச் சூட்டில் நடக்கும். முதல் மாதம் ரேஷன் மூன்று பங்கு, கடை அரிசி நாலு பங்கு என்று கலந்தே வடியுங்கள். தனித்தனியாக வடித்துத் தட்டில் வைத்தால் பிள்ளைகள் ரேஷன் சோற்றை ஒதுக்குவார்கள், கலந்துவிட்டால் தெரியாது. அரிசியில் வேறு நிறமாகத் தெரிகிற சில மணிகளைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிய வேண்டாம். இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசி அது. வடித்த கஞ்சியிலும் சத்து இறங்கியிருக்கும், கொட்டாமல் குழம்புக்கோ ரசத்துக்கோ ஊற்றுங்கள்.

அடுத்தது மாவு. ஒரு கிலோ ரேஷன் புழுங்கல் அரிசி, 200 கிராம் உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம். உளுந்து கிலோ 130 என்றால் மொத்தச் செலவு 30 ரூபாய்க்குள். இரண்டே முக்கால் கிலோ போல மாவு வரும். அதே அளவைப் பாக்கெட்டாக வாங்கினால் 45 ரூபாய் வீதம் 120-ஐத் தாண்டும். வாரம் நாலு பாக்கெட்டை நிறுத்தினால் 140 ரூபாய் கையில். அம்பை 16 குண்டரிசிக்குப் பழகிய கை ரேஷன் அரிசிக்கும் அதே அளவு தண்ணீர் ஊற்றினால் இட்லி தட்டையாகப் போகும். உளுந்துக்குத் தண்ணீரைக் குறைக்காதீர்கள், அது பொங்கினால்தான் மெத்தென்று வரும். அரிசிக்குக் குறைத்து, ரவைப் பதத்தில் நிறுத்துங்கள். கிரைண்டரில் உளுந்து சூடேறினாலும் மாவு எழும்பாது, ஐஸ் தண்ணீர் தெளித்து அரைக்கலாம்.

மசாலாவுக்கு வருகிறேன். 10 ரூபாய் பாக்கெட்டைத் திருப்பி எடையைப் பாருங்கள். 20 கிராம் என்றிருந்தால் நீங்கள் கிலோ 500 ரூபாய்க்கு மிளகாய்ப்பொடி வாங்குகிறீர்கள். அரைக் கிலோ வத்தல் 100 ரூபாய், முக்கால் கிலோ மல்லி 90, மில் கூலி 30. ஒன்றேகால் கிலோப் பொடி 220 ரூபாய்க்கு வந்துவிடும், கிலோ 176 ரூபாய்தான் விழுகிறது. வெயிலில் நொறுங்கக் காய்ந்த பிறகுதான் மில்லுக்கு எடுத்துப் போக வேண்டும். ஈரம் இருந்தால் பொடி கட்டி கட்டியாகி இரண்டே மாதத்தில் பூச்சி வைக்கும்.

சனிக்கிழமை பரோட்டாவை முழுக்க நிறுத்தச் சொல்ல மாட்டேன். சம்பள நாளன்று வீட்டில் வெறும் ரசச்சோறு என்றால் இரண்டு வாரத்தில் இந்தத் திட்டமே கவிழ்ந்துவிடும். மாதம் ஒரு சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்து மீன் காசு 100-க்கு வெறும் பரோட்டா, சால்னாவோடு. ஆம்லெட் வேண்டுமானால் முட்டை வீட்டில் இருக்கிறது.

அரிசி, மாவு, மசாலா, பரோட்டா நாலையும் சரிசெய்தாலே வாரம் 500 ரூபாய் போல மிச்சமாகும். நாளுக்கு 65 வீதம் உங்களுக்கு வாரம் துண்டு விழுவது 455.

இனி மாதக் கணக்கு. ரேஷனில் பருப்பு ஒரு கிலோ 30, பாமாயில் ஒரு லிட்டர் 25, சர்க்கரை இரண்டு கிலோ 50 ஆக 105. கடை அரிசி 900. உளுந்து இரண்டு கிலோ 260. துவரம்பருப்பு இன்னும் ஒரு கிலோ 120. சிறுபயறு, காணம் (கொள்ளு), கொண்டைக்கடலை ஒவ்வொரு கிலோ, மூன்றும் சேர்த்து 290. பாமாயில் போக மற்ற எண்ணெய்க்கு 330. வத்தல், மல்லி, புளி, உப்பு, காயம் வகையறா 425. தேயிலை 100. இதுவரை 2,530. இவை மாதம் ஒரு தடவை எடுக்கும் சரக்கு. பிறகு அன்றாடம்: பால் அரை லிட்டர் வீதம் 660, காய்கறி 1,200, தேங்காய் 15-க்கு 375, முட்டை 26-க்கு 170, மீனுக்கு 400. அது 2,805. இரண்டும் சேர்த்து 5,335. உங்கள் 6,000-ல் 665 மிஞ்சுகிறது.

ஆனால் சம்பளம் வாரச் சம்பளம், சரக்கு மாதச் சரக்கு. இங்கேதான் பல வீடுகளில் கணக்கு உடைகிறது. முதல் வாரம் சரக்கு எடுத்துவிட்டு மற்ற மூன்று வாரமும் பணம் கூடுதலாக இருப்பது போலத் தோன்றும், செலவாகிவிடும். சனிக்கிழமை இரவே 1,400-ஐ நாலாகப் பிரியுங்கள். சரக்குக்கு 600, அன்றாடத்துக்கு 655, அண்ணாச்சி பாக்கிக்கு 100, கையிருப்பு 45. சரக்கு டப்பாவைத் திறப்பது மாதம் ஒரு நாள் மட்டுமே.

முதல் மாதம் எப்படித் தொடங்குவது? ஒரேயடியாக 2,530 புரட்ட வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள். முதல் வாரம் ஒரு கிலோ உளுந்து மட்டும் எடுங்கள், மாவு பாக்கெட் நிற்கும். அதில் மிஞ்சுவதோடு அந்தச் சனிக்கிழமைப் பரோட்டாக் காசையும் சேர்த்து இரண்டாம் வாரம் வத்தல், மல்லி. மூன்றாம் வாரம் பயறு வகை. நாலாம், ஐந்தாம் வாரத்து மிச்சத்தில் அரிசி மூட்டை. ஒரு மிச்சம் அடுத்த சரக்கை வாங்கிக் கொடுக்க வேண்டும். குழு லோனுக்குப் போகிற ஆயிரத்தைத் தொட வேண்டாம். ஒரு தவணை தவறினால் மற்ற பெண்களும் உங்கள் வாசலில் நிற்பார்கள்.

பருப்புக்கு ஒரு வழி. 150 கிராம் வீதம் துவரம்பருப்பு 13 நாள் வரும். மற்ற மூன்று பயறும் 200 கிராம் வீதம் ஐந்தைந்து நாள், அது 15. மீதி இரண்டு நாள் புளிக்குழம்பும் முட்டையும். காணம் 16 ரூபாய்க்கு வாங்கினால் இரண்டு பதார்த்தம். இரவே ஊற வைத்து ஆறு விசில் விட்டு, தண்ணீரை ரசமாக்கி, காணத்தைத் துவையல் அரைக்கலாம். புளியைப் பயறு வெந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். முன்னால் ஊற்றினால் புளிப்பு பயற்றை வேகவிடாது, கேஸ்தான் போகும்.

உளுந்தஞ்சோற்றை மறந்துவிடாதீர்கள், வயது வந்த மகளுக்கு நல்லது. 400 கிராம் அரிசிக்கு 200 கிராம் தொலி உளுந்து, பத்துப் பல் பூண்டு, ஒரு கரண்டி வெந்தயம், கொஞ்சம் தேங்காய்த் துருவல். எள்ளுத் துவையலோடு ஐந்து பேருக்கு 50 ரூபாய் போல ஆகும், காய் தேவையில்லை. மாதம் இரண்டு நாள் போதும். அதற்கு மேல் செய்தால் இட்லிக்கு வைத்த உளுந்து குறையும்.

காய்கறிக்காகத் திருநெல்வேலி உழவர் சந்தைக்குப் போகலாமா என்று தோன்றும். டவுன் பஸ்ஸில் உங்களுக்குக் கட்டணம் இல்லைதான். ஆனால் அரை நாள் சுற்று போய்விடும், காயில் மிஞ்சுவது அதைவிடக் குறைவு. அந்தப் பக்கம் வேறு வேலை இருந்தால் மட்டும் போய் வாருங்கள். ஆற்றங்கரை ஊரில் வாழைக்காய், தண்டு, பூ மலிவு. முருங்கைக்கீரை காசில்லாமலே கிடைக்கும். தக்காளி ஏறும் வாரத்தில் புளி, சின்ன வெங்காயம் ஏறினால் பல்லாரி. நம் பக்கத்துச் சமையலில் கை தாராளமாகப் போவது தேங்காயில்தான். நாளைக்கு அரை மூடி அல்ல, அரைத் தேங்காய் கணக்கில் இருக்கிறது. குழம்புக்கும் துவையலுக்கும் ஒரே நாளில் அரைக்காதீர்கள், குழம்பு கெட்டிக்குப் பொரிகடலை ஒரு கை போதும்.

மீனில் சாளைதான் (மத்தி) உங்களுக்குச் சரி. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுக்குத் தடை, விலை ஏறும். அந்த நாட்களில் மீன் காசை முட்டைக்கோ கருவாட்டுக்கோ மாற்றுங்கள்.

மகனுக்குப் பள்ளியில் காலை உணவும், முட்டையோடு மதிய உணவும் உண்டு. மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை இருப்பதால் மகளுக்கும் உரிமை உண்டு. அந்த வயதில் தோழிகள் முன் தட்டேந்தக் கூச்சப்படுவாள் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். அவளுக்கு வீட்டிலிருந்து கட்டும் சோற்றோடு முட்டை வையுங்கள், 26 முட்டையில் பெரும்பகுதி அவளுக்கும் மாமியாருக்கும்தான். மாமியாருக்குக் கஞ்சி மட்டும் கொடுத்து மிச்சம் பிடிக்காதீர்கள், கஞ்சியில் சர்க்கரை சீக்கிரம் ஏறும். சோற்றை ஒரு பங்கு குறைத்துக் காயும் பயறும் கூட்டுங்கள். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

வேலையைக் காரணம் சொல்லி ரேஷன் பருப்பையும் பாமாயிலையும் விடாதீர்கள். கடை விலையோடு பார்த்தால் பருப்பில் 90, பாமாயிலில் 125, சர்க்கரையில் 40, மாதம் 255 ரூபாய். பில் போட்டதும் செல்லுக்கு வரும் குறுஞ்செய்தியில், வாங்காத பொருள் ஏறியிருக்கிறதா என்று மகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

அண்ணாச்சியிடம் நேராகப் பேசிவிடுங்கள். பழைய கணக்குக்குக் கோடு போடச் சொல்லி, வாரம் 100 வீதம் 34 வாரத்தில் தீர்ப்பதாகவும் இனி ரொக்கத்துக்கே வாங்குவதாகவும் சொல்லுங்கள். சொன்ன கையோடு மொத்தச் சரக்கையும் வேறு கடைக்கு மாற்றினால் 3,400-ஐயும் அடுத்த நாளே கேட்பார், அவர் இடத்தில் யாராக இருந்தாலும் கேட்பார்கள். எண்ணெய், உப்பு, தேயிலை அவரிடமே எடுங்கள். அரிசி மூட்டைக்கு அவர் என்ன விலை சொல்கிறார் என்றும் கேட்டுப் பாருங்கள், ரொக்கம் என்றால் இறங்கி வருவார்.

45 ரூபாய்க் கையிருப்பு ஐப்பசி, கார்த்திகைக்கு. மழை பிடித்தால் கட்டட வேலை நிற்கும், சனிக்கிழமை வெறுங்கையோடு வரும். இருபது வாரம் சேர்ந்தால் 900, ஒரு மாதத்துக் கடை அரிசி அது. ஐப்பசி பிறக்கும் முன்பே அதை அரிசியாக வாங்கி, நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து, வேப்பிலை போட்டு டிரம்மில் மூடி வைத்துவிடுங்கள்.