ஏ-வைக் கழித்து எழுத்தெண்ணலாமா? மொரிஷியஸ் வாசகர்களின் ஜாவா கேள்விகள்

ஒரு சொல்லில் எந்த ஆங்கில எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ண, "எழுத்திலிருந்து சின்ன ஏ-வைக் (a) கழி, வருகிற எண்தான் இடம்" என்கிறார் ஆசிரியர். எழுத்தை எப்படிக் கழிப்பது? (மாணவி, ரோஸ் ஹில்)

ஜாவா நிரல் மொழியில் எழுத்தை வைக்கும் சார் (char) என்பது உள்ளுக்குள் 16 பிட் எண். சின்ன ஏ 97, பி 98, இஸட் 122; நடுவில் இடைவெளி கிடையாது. 97-ஐக் கழித்தால் ஏ-வுக்கு 0, இஸட்டுக்கு 25. 26 இடமுள்ள இன்ட் அரே (முழு எண்களின் வரிசை) வைத்து, அந்தந்த இடத்தில் ஒன்று கூட்டிக்கொண்டே போங்கள். பெரிய எழுத்து 65-இல் தொடங்குவதால் முதலில் சின்னதாக மாற்றிவிடுங்கள்.

ஊர்ப் பெயர்களில் எழுத்தெண்ணுகிறேன். ரெதுயி (Réduit) வந்ததும் புரோகிராம் நின்றுவிடுகிறது.

பல்கலைக்கழகம் இருக்கும் அந்த ஊரின் பெயரில் அக்சான், அதாவது மேலே சாய்கோடு போட்ட பிரெஞ்சு ஈ (é) இருக்கிறது. அதன் எண் 233. 97 போனால் 136. உங்கள் அரேயோ 25-ஆம் இடத்தோடு சரி. ரோஸ் ஹில்லின் நடுவிலுள்ள இடைவெளியும் இப்படித்தான் நிறுத்தும்: 32-இல் 97 போக மைனஸ் 65. 0 முதல் 25-க்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அரேயைத் தொட்டால் புரோகிராம் நிற்காது. ஆனால் நம் தீவில் பிரெஞ்சுப் பெயர்கள் ஏராளம். அக்சான் எழுத்துகளைத் தள்ளிவிட்டு எண்ணினால் அது தப்புக் கணக்கு. இந்த வேலைக்கு அரேயை விடுங்கள், ஒவ்வொரு எழுத்தோடும் அதன் எண்ணிக்கையைச் சேர்த்து வைக்கும் ஹாஷ்மேப்தான் சரி.

அச்சிட்டால் எழுத்துக்குப் பதில் 97, 98 வருகிறது.

ஏ-வோடு எண்ணைக் கூட்டினால் விடை இன்ட். கூட்டலை அடைப்புக்குறிக்குள் வைத்து, சாராக காஸ்ட் செய்யுங்கள், அதாவது வகையை மாற்றுங்கள்.

நம் ரூபாய் நோட்டில் இருப்பதுபோல் தமிழ் எண்ணைப் படிக்கிறேன். தமிழ் ஒன்றான ௧-க்கு 2999 வருகிறது!

நீங்கள் கழித்தது சாதாரண பூஜ்யம், 48. தமிழ் ௧-இன் எண் 3047. இலக்கமா என்று சோதிக்கும் இஸ்டிஜிட் மெத்தட் இரண்டு வகையையும் இலக்கம் என்றே சொல்லும். அதனால்தான் உங்கள் சோதனையில் அது பிடிபடவில்லை. கழித்தலை விட்டுவிட்டு, கேரக்டர் கிளாஸின் டிஜிட் மெத்தடுக்கு அடிமானம் 10 கொடுங்கள். இஸ்டிஜிட் ஏற்கும் எந்த எழுத்துமுறையின் ஒன்றாக இருந்தாலும் 1 என்றே வரும்.

காவடி மூன்றெழுத்து. நீளம் சொல்லும் லெங்த் ஏன் 5 என்கிறது?

க, கால், வ, ட, இகரக் கொக்கி: ஜாவாவுக்கு இவை ஐந்து. உலக எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடம் உண்டு. 2944-ஐக் கழித்து எண்ணலாம், ஆனால் கிடைப்பது இந்தத் துண்டுகளின் எண்ணிக்கை. தமிழ் படிக்கும் பிள்ளைக்கு 'கா' ஒரே எழுத்து, நம் புரோகிராமும் அப்படித்தான் எண்ண வேண்டும். ஜாவா 9 முதல் ரெகெக்ஸில் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமுறை) பின்சாய்வுக்கோடும் பெரிய எக்ஸும் (\X) போட்டால் கா, வ, டி என்று பிரித்துத் தரும். அவற்றை ஹாஷ்மேப்பில் எண்ணுங்கள். க்ஷ மட்டும் க், ஷ என இரண்டாக விழும். ஒன்றாக வேண்டுமென்றால் அதை நீங்களே சேர்க்க வேண்டும்.