பிள்ளைகள் இல்லத்தில் அடி: போராடப் போகும் முன் கேட்க வேண்டியவை

‘வழிதவறிய பிள்ளைகளைத் திருத்துகிறோம்’ என்று நடக்கும் ஓர் இல்லத்தில் அடியும் பட்டினியும் என்று புகார் கிளம்பியதிலிருந்து நம் குமரி மாவட்டத்துப் பெற்றோர் பலர் கேள்வி அனுப்புகிறார்கள். குழந்தைகள் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அங்கே என்ன நடந்தது என்று விசாரணைதான் சொல்ல வேண்டும். அந்த விசாரணையை நடக்க வைப்பது நம் வேலை.

கருங்கல், ஒரு தாய்: மகனுக்கு 15 வயது. கஞ்சாப் பழக்கம் என்று தெரிந்ததும் அங்கே சேர்த்தோம். போனில் ஸ்பீக்கர் போட்டுத்தான் பேச விடுகிறார்கள். போன தடவை முதுகில் தழும்பு பார்த்தேன். ‘கண்டிப்பு வேண்டாமா’ என்கிறார்கள்.

அம்மா, இன்றைக்கே போய்ப் பாருங்கள். தனியாகப் பேச விடவில்லை என்றால் வாசலிலேயே நின்று குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். பிள்ளையை வெளியே கொண்டுவந்ததும் நேராக ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், காயம் எப்படி வந்தது என்பதையும் சேர்த்து எழுத வையுங்கள். தழும்பு ஆறிவிடும், எழுதி வைத்த தாள் நிற்கும். அப்புறம் குழந்தைகள் நலக் குழுவிடமும் காவல் நிலையத்திலும் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். பராமரிப்பு நிறுவனத்தில் வேலை செய்பவரோ நடத்துபவரோ பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால், 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்த பிள்ளையை உறவுக்காரர் ஒவ்வொருவராக உட்காரவைத்து ‘என்ன நடந்தது’ என்று கேட்க விடாதீர்கள்.

அதே தாய்: சேர்க்கும்போது ‘அடித்துத் திருத்தலாம்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டேனே?

அந்தக் கையெழுத்து செல்லாது. பெற்ற தாய் தகப்பன்கூடப் பிள்ளையை அடிக்கும் உரிமையை எழுதிக் கொடுக்க முடியாது. அதை நினைத்துக் குற்ற உணர்ச்சியில் தாமதிக்காதீர்கள்.

தக்கலை, கல்லூரி மாணவர்: அக்கா, ஞாயிற்றுக்கிழமை அந்த இல்லத்தின் வாசலில் மறியல் செய்யப்போகிறோம். அடிபட்ட பையன்களின் படத்தோடு ஃப்ளெக்ஸும் தயார்.

முதலில் அந்த ஃப்ளெக்ஸைச் சுருட்டி வையுங்கள் தம்பி. பிள்ளையின் முகம், பெயர், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் 2 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட வரலாம். சட்டத்தை விடுங்கள். நாளைக்கு அந்தப் பையன் சாயாக்கடைக்குப் போனால் ஊரே அவனைத் திரும்பிப் பார்க்கும்.

வாசல் மறியலிலும் எனக்கு உடன்பாடு இல்லை. நீங்கள் கோஷம் போட்டுவிட்டு இருட்டும் முன் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். உள்ளே இருக்கும் பிள்ளைகள் அன்று ராத்திரியும் அதே ஆட்களோடு இருக்க வேண்டும். முதலில் பிள்ளைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற மனு கொடுங்கள். திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடக்குமே, பெற்றோரை முன்னால் நிறுத்தி அங்கே போங்கள். ஆர்ப்பாட்டம் வேண்டும் என்றால் சில நாள் முன்பே காவல்துறையிடம் எழுதிக் கேட்டு, அதையும் ஆட்சியர் அலுவலகம் பக்கமே நடத்துங்கள். ‘நீதி வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இல்லத்துக்கு அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி பதிவு இருக்கிறதா, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஊழியர் இல்லாமல் தனியாகப் பேசினார்களா என்று கேளுங்கள். இதற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

குலசேகரம், ஒரு அண்ணன்: போதை மறுவாழ்வு மையத்தில் தம்பியைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். 17 வயது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்து செத்தார்கள். அதற்குப் பிறகும் நம் மாநிலத்தில் ஒரு சங்கிலி என்று கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவரைப் பெரியவர்களோடு தங்க வைக்கக் கூடாது. வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ‘ஒரு மாதம் வீட்டார் வரக்கூடாது’ என்று சொன்னால் அங்கே விடவே வேண்டாம். அனுப்ப மறுத்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு போடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் கொடுக்கும், எண் 15100. அம்மா பெயரில் கேளுங்கள்.

குளச்சல், முன்னாள் ஊழியர்: தவறான தொடுதல் நடந்தது என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான். மாட்டிக்கொள்வேனோ?

சொல்லாமல் இருந்தால்தான் மாட்டுவீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் தெரிந்தும் மறைப்பது குற்றம். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் வழக்கு வராது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

நாகர்கோவில், ஆசிரியர்: இப்படிப் போராடி எங்காவது பலன் கிடைத்திருக்கிறதா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பதின்ம வயதில் தான் இருந்த விடுதிப் பள்ளியை மூடச் சொல்லி 2020 அக்டோபரில் டி.வி. பிரபலம் பாரிஸ் ஹில்டன் ஊர்வலம் போனார். அங்கே முன்பு இருந்தவர்கள் பலரும் கூட நடந்தார்கள். மறு வருடமே பிள்ளை வாரம் ஒருமுறை வீட்டாரோடு ரகசியமாகப் பேச அந்த மாநிலம் சட்டம் போட்டது. 2024 டிசம்பரில் இப்படிப்பட்ட விடுதிகள் குறித்து நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. நாமும் அந்த வாராந்தரப் பேச்சைக் கோரிக்கையில் சேர்க்கலாம்.

மார்த்தாண்டம், வயது 20: நானும் அப்படி ஒரு இடத்தில் இருந்தவன். இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? தேதிகூட ஞாபகம் இல்லை.

நான் நம்புகிறேன் மக்களே. 3 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது, அதனால் இப்போதும் புகார் கொடுக்கலாம். தேதி வேண்டாம். ஓண லீவுக்கு முன்பா, கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா சமயமா, மழை பெய்ததா, எந்த அறை, பக்கத்தில் யார் படுத்திருந்தார்கள் என்று ஞாபகம் வரும் வரிசையில் எழுதுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டாம். எழுதியதும் என்னிடம் கொண்டு வாருங்கள், காவல் நிலையத்துக்கு நானும் கூட வருகிறேன்.