நான்கு வண்டிகள் மோதின: இழப்பீட்டை யாரிடம் கேட்பது?

கேள்வி: மண்டபத்தில் வசிக்கிறோம். இரண்டு மாதங்களுக்கு முன் ராமநாதபுரம் போகும்போது, உச்சிப்புளி அருகே ஆடுகள் குறுக்கிட்டதால் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. எங்கள் மாமாவின் கார் லாரியில் மோதியது. காரின் பின்னால் சுற்றுலா வேனும், வேனின் பின்னால் மீன் வண்டியும் மோதின. காரின் முன் இருக்கையில் இருந்த என் தம்பிக்குத் தொடை எலும்பு முறிந்தது. வயது 32, விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். வேன் இடித்துத் தள்ளியதால்தான் லாரியில் மோதினேன் என்கிறார் மாமா. ஆனால் லாரி ஓட்டுநரின் புகாரை வைத்து மாமா மீதே வழக்குப் பதிந்திருக்கிறார்கள். வேன் உரிமையாளர் 40,000 ரூபாய் தருவதாகச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அந்தத் தாளில் "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று ஒரு வரி இருக்கும். தம்பியின் கால் எந்த அளவுக்குத் தேறும் என்பதே தெரியாத நேரத்தில் அந்த வரிக்குக் கீழே அவர் பெயர் இருக்கக்கூடாது.

போலீஸ் வழக்கை நினைத்துக் கலங்க வேண்டாம். முதல் தகவல் அறிக்கை என்பது முதலில் கிடைத்த தகவல், அவ்வளவுதான். யார் மீது தவறு என்பதை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சாட்சியங்களைப் பார்த்துத் தானே முடிவு செய்யும். குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டோ அதுவே போதும்.

உங்கள் தம்பி வண்டி ஓட்டவில்லை, பயணிதான். மாமா மீதே பாதித் தவறு இருந்தாலும் அது தம்பியின் இழப்பீட்டைக் குறைக்காது. பல ஓட்டுநர்களின் கவனக்குறைவு சேர்ந்து ஒருவரைக் காயப்படுத்தினால், அவர்களில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. யார் எத்தனை சதவீதம் என்பதை அவர்கள் பிறகு தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். ஆகவே நான்கு வண்டிகளின் உரிமையாளர்களையும் காப்பீட்டு நிறுவனங்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். மாமாவின் கார் தானே என்று அதை விட்டுவிட வேண்டாம். அதே சமயம் அதன் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், சொந்தக் காரில் சும்மா உடன் வந்தவருக்கு அது பொதுவாகப் பொறுப்பேற்காது. முழுக் காப்பீடு என்றால் ஏற்கும். மற்ற மூன்று வண்டிகளையும் சேர்க்கச் சொல்வது அதனால்தான்.

இனி, முக்கியமான கேள்வி. காருக்குள் இருந்தவர்கள் எத்தனை அடியை உணர்ந்தார்கள், எது முதலில்? பின்னாலிருந்து ஓர் இடி, உடனே முன்னால் ஓர் இடி என்றால், நின்ற காரை வேன் தள்ளியிருக்கிறது. முதல் அடி முன்னால் என்றால் மாமா ஏற்கெனவே லாரியில் மோதிவிட்டார். முன்னால் போகும் வண்டி திடீரென்று நின்றாலும் மோதாத அளவு இடைவெளி விடுவது பின்னால் வருபவரின் கடமை என்பதால், அப்போது அவர் மீதும் பங்கு விழும். தம்பியும் மாமாவும் நினைவில் இருப்பதை இன்றே தனித்தனியாக எழுதி வைக்கட்டும். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுவது வேண்டாம். சிகிச்சைக்குச் சேர்த்தபோது விபத்து எப்படி நடந்தது என்று சொன்னதை மருத்துவமனை எழுதி வைத்த விபத்துப் பதிவேட்டின் நகலையும் வாங்குங்கள். வலியோடு சொன்ன இரண்டு வரியாக இருந்தாலும், வக்கீலைப் பார்ப்பதற்கு முன் சொன்னது என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். விபத்து நடந்த இடத்தைப் போலீசார் வரைந்த மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை இரண்டும் தேவை. எந்த வண்டியில் எங்கே நசுங்கியது, பிரேக் வேலை செய்ததா என்பதெல்லாம் அந்த அறிக்கையில் இருக்கும். சாலையில் மணல் படிந்திருந்ததா, மீன் வண்டித் தண்ணீர் வழிந்திருந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் கரையோரச் சாலையில் இவை சாதாரணம், ஆனால் யாரும் எழுதி வைப்பதில்லை.

அடுத்தது வருமானம். கடலுக்குப் போகிறவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. இதனால் நம் மீனவர்கள் தொடர்ந்து ஏமாறுவது எனக்குப் பொறுக்கவில்லை. படகு உரிமையாளரின் பங்குக் கணக்கு நோட்டு, அவருடைய சாட்சியம், மீனவர் அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் திரட்டுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வருமானமே இல்லையே என்று எதிர்த்தரப்பு கேட்கும். அந்த நாட்களில் வலை பின்னினாரா, கூலிக்குப் போனாரா என்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

மாதம் 18,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றால், 40 வயதுக்குக் கீழே சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்ந்து 25,200 ஆகும். ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதை வயதை வைத்து முடிவு செய்வார்கள்; 32 வயதுக்கு அந்தப் பெருக்கு எண் 16. உழைப்புத் திறன் இழப்பு 20 சதவீதம் என்றால் 25,200 × 12 × 16 × 20% = 9,67,680 ரூபாய். மருத்துவச் செலவு, வலிக்கான தொகை, வட்டி எல்லாம் தனி. 40,000 எங்கே, இது எங்கே!

அந்த 20 சதவீதம் மருத்துவச் சான்றிதழில் உள்ள எண்ணாகவே இருக்க வேண்டியதில்லை. அவர் செய்யும் தொழிலை ஊனம் எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என 2010-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கால் சற்றே குட்டையானாலும் மேசை வேலைக்காரர் சமாளித்துவிடுவார். ஆடும் படகில் நின்று வலை இழுப்பவரால் முடியுமா? இதை மருத்துவரும் படகு உரிமையாளரும் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும்.

மாமாவின் கார் சேதம் தனிக் கணக்கு. அதில் அவருடைய தவறின் பங்கு கழியும்.

விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்யுங்கள். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. வேன் எந்த ஊர்ப் பதிவாக இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிப்பதும் விபத்து நடந்ததும் இங்கே என்பதால் ராமநாதபுரத்திலேயே தாக்கல் செய்யலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுங்கள்.