கேள்வி–பதில்: பூசாரி சீசர்

? ஜூலியஸ் சீசர் ரோமின் தலைமைப் பூசாரியாகவும் இருந்தாராமே? போர்வீரருக்கு எப்படி அந்தப் பதவி கிடைத்தது?
வாசகர், தஞ்சாவூர்

ஓட்டு வாங்கித்தான். ‘போன்டிஃபெக்ஸ் மாக்சிமஸ்’ என்ற அந்தப் பதவிக்குத் துறவும் வேண்டாம், வேதப் படிப்பும் வேண்டாம். ஒருமுறை ஜெயித்தால் ஆயுளுக்கும் அசைக்க முடியாது. கி.மு. 63 தேர்தலில், ரோமின் 35 வாக்காளர் பிரிவுகளில் குலுக்கலில் வந்த 17 மட்டும் ஓட்டுப் போட்டன. எதிரே நின்ற காட்டுலஸ், இசாரிகஸ் இருவரும் ரோமின் உச்சப் பதவியான கான்சல் பதவி வகித்த பெரியவர்கள். சீசரோ அதற்கு அடுத்த படியான பிரேட்டர் நாற்காலியில்கூட உட்காராதவர். விலகினால் பெரும் பணம் தருவதாகக் காட்டுலஸ் ஆள் அனுப்பினார். அதைவிட அதிகமாகக் கடன் வாங்கியாவது மோதுவேன் என்று சீசர் திருப்பிச் சொல்லி அனுப்பினார். தோற்றிருந்தால் கடன் கொடுத்தவர்களே அவரை ஊரைவிட்டு ஓட்டியிருப்பார்கள். காலையில் அம்மாவிடம், “பூசாரியாகத்தான் திரும்புவேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர், அந்த இரண்டு பெரியவர்களின் சொந்தப் பிரிவுகளிலேயே ஓட்டை அள்ளினார். கையோடு, நெரிசலான சுபுரா பகுதியிலிருந்து வியா சாக்ரா தெருவின் அரசு வீட்டுக்குக் குடிபோனார்.

? சீசர் ஒரு வருஷத்துக்கு 445 நாள் வைத்தாராமே, நிஜமா?
வாசகர், சேலம்

நிஜம்தான், கி.மு. 46. ரோமின் பழைய வருஷத்துக்கு 355 நாள்தான். பருவத்தோடு ஒத்துப்போக, அவ்வப்போது பிப்ரவரியில் 22 அல்லது 23 நாள் கூட்ட வேண்டும். எப்போது கூட்டுவது என்பது பூசாரிகள் கையில். வேண்டியவர் பதவியில் இருந்தால் வருஷம் நீளும், வேண்டாதவர் என்றால் நீளாது. அது போதாதென்று, தலைமைப் பூசாரியான சீசரே வருஷக்கணக்கில் ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுப் போரில் இருந்தார். நாள்கணக்கு பருவத்தைவிட மூன்று மாதம்போல முன்னால் ஓடிவிட்டது. அறுவடைத் திருவிழா அறுவடைக்கு முன்பே வந்தது!

எனவே பிப்ரவரியில் 23 நாள், நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவே 67 நாள்: 355 + 23 + 67 = 445. மறுவருஷம் முதல் 365 நாள். கூடுதல் பத்து நாளில் ஜனவரி, செக்ஸ்டிலிஸ் (இன்றைய ஆகஸ்ட்), டிசம்பருக்குத் தலா இரண்டு. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பருக்குத் தலா ஒன்று. கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அலெக்சாண்ட்ரியாவின் வானியல் அறிஞர் சொசிஜெனிஸ்.

? அதன்பிறகாவது ஒழுங்காக நடந்ததா?
வாசகர், கோவை

இல்லை. நான்கு வருஷத்துக்கு ஒரு லீப் நாள் என்பதைப் பூசாரிகள் முதல் வருஷத்தையும் சேர்த்து எண்ணி, மூன்றுக்கு ஒன்றாக்கிவிட்டார்கள். 36 வருஷத்தில் 9 வர வேண்டியது 12 ஆனது. பின்னால் ரோமை ஆண்ட பேரரசர் அகஸ்டஸ் சில லீப் நாள்களைத் தவிர்க்கச் சொல்லிச் சரிசெய்தார். அவரும் அப்போது தலைமைப் பூசாரிதான். சீசருக்குப்பின் அதில் அமர்ந்த லெபிடஸ் இறக்கும்வரை காத்திருந்து, கி.மு. 12-ல் எடுத்துக்கொண்ட பதவி.