க்ரூஸர் ஓட்டுபவர்களுக்கும் ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுபவர்களுக்கும் ஏன் ஏழாம் பொருத்தம்? இரண்டில் எது நல்ல பைக்?

இரண்டு வகையையும் பல வருடங்கள் ஓட்டியிருக்கிறேன். இரண்டு தரப்பு நண்பர்களோடும் நீண்ட தூரம் போயிருக்கிறேன். அதனால் கேள்வியின் இரண்டு பாதிக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

இந்தச் சண்டையில் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். வண்டியின் அமைப்பு ஓட்டுபவரைச் செய்யவைக்கும் காரியத்தை, அவருடைய குணம் என்று எதிர்த்தரப்பு எடுத்துக்கொள்கிறது. க்ரூஸரில் காலை முன்னால் நீட்டி, கையை விரித்து, நிமிர்ந்து உட்கார்ந்து வருகிறவரைப் பார்த்தால் தெனாவட்டாகத் தெரியும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் டேங்க் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு போகிறவரைப் பார்த்தால் எங்கே போய் விழப்போகிறாரோ என்று தோன்றும். இரண்டு பேரையும் வண்டி மாற்றி உட்காரவைத்துப் பாருங்கள். தெனாவட்டும் அவசரமும் அப்படியே இடம் மாறிவிடும். ஹேண்டில்பாரும் கால் வைக்கும் ஃபுட்பெக்கும் எங்கே இருக்கிறதோ அதற்கேற்பத்தான் உடம்பு மடங்கும்.

வளைவில் நடப்பதைச் சொன்னால் இது இன்னும் நன்றாகப் புரியும். ஸ்போர்ட்ஸ் பைக்கின் முன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கால்கள், செங்குத்திலிருந்து 24 டிகிரியை ஒட்டிய சாய்வில், கிட்டத்தட்ட நேராக இறங்கும். க்ரூஸரில் அது 30 டிகிரிக்கு மேல் போகும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் ஸ்போர்ட்ஸ் பைக்கில் 1,400 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், பெரிய க்ரூஸரில் 1,600-ஐத் தாண்டும். முதலாவது லேசாகத் தொட்டாலே திரும்பும். இரண்டாவது நேர்கோட்டில் அசையாமல் போகும். இவற்றை விட முக்கியமானது தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி. க்ரூஸரின் சீட் தரையிலிருந்து 700 மில்லிமீட்டர்தான், சிலவற்றில் இன்னும் குறைவு. ஃபுட்பெக், சைலன்சர், ஃப்ரேம் எல்லாமே அதோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். பெரும்பாலான க்ரூஸர்கள் 30 டிகிரி சுமாருக்குச் சாய்ந்ததும் ஃபுட்பெக் தரையைத் தொட்டுவிடும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு. 30 டிகிரி சாய்வில் அதை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். 45 டிகிரி சாய முடிந்தால் 80. டயரின் அகலம், ஓட்டுபவர் உடம்பை நகர்த்தும் விதம் எல்லாம் சேர்ந்தால் எண்கள் கொஞ்சம் மாறும், ஆனால் விகிதம் ஏறத்தாழ இதுதான். இப்போது யோசியுங்கள். 60-ல் போகிற க்ரூஸர்காரர் தன் வண்டியின் விளிம்பில் இருக்கிறார். அவருக்குப் பின்னால் அதே 60-ல் வருகிற ஸ்போர்ட்ஸ் பைக்காரருக்கு இன்னும் ஏகப்பட்ட இடம் மிச்சம். அவர் மனதில் ஓடுவது 'இவருக்கு வளைவு என்றாலே பயம்' என்பது. முன்னால் இருப்பவர் மனதில் ஓடுவது 'இவன் ஏன் முதுகில் ஏறுகிறான்' என்பது. இரண்டு பேருமே தங்கள் வண்டிக்குச் சரியாகத்தான் ஓட்டுகிறார்கள்.

ஃபுட்பெக் உரசுவதை ஒருமுறையாவது அனுபவித்தவருக்கு இது தெரியும். முதலில் பூட்ஸின் குதிகாலில் ஒரு அதிர்வு, அடுத்து கரகரவென்று உலோகச் சத்தம். பெக் கீல் வைத்தது என்பதால் மடங்கிக் கொடுக்கும். அதுவரை எச்சரிக்கைதான். அதையும் மீறிச் சாய்த்தால் மடங்காத ஏதோ ஒன்று, சைலன்சரோ ஃப்ரேமோ, தரையில் ஊன்றிக்கொள்ளும். அப்போது வண்டியின் எடை டயரிலிருந்து அதன் மேல் மாறிவிடும், பின்சக்கரம் பிடியை விட்டுவிடும். க்ரூஸரை மலைப்பாதையில் நன்றாக ஓட்டுகிறவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அகலமாக நுழைந்து, வெளியேறும்போது இன்ஜின் குறைந்த சுற்றிலேயே தரும் இழுவையை வைத்து எழுந்து போவார். அது லேசான வித்தை இல்லை. ஸ்போர்ட்ஸ் பைக் நண்பர்கள் பலர் இதைக் கவனிப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

அப்புறம் சத்தம். சண்டையில் அதிகம் அடிபடுவது இதுதான். ஒரு தரப்பு 'டிராக்டர்' என்கிறது, மறு தரப்பு 'கொசு' என்கிறது. அமெரிக்க நிறுவனமான ஹார்லி டேவிட்சனின் பழைய பாணி வி-ட்வின் இன்ஜினில் இரண்டு சிலிண்டருக்கும் இடையே 45 டிகிரி கோணம். பிஸ்டன்களின் இரண்டு கனெக்டிங் ராடும் க்ராங்க் என்ற சுழல்தண்டின் ஒரே பின்னில் மாட்டப்பட்டிருக்கும். அதனால் சிலிண்டருக்குள் எரிபொருளின் ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரே அளவாக இருக்காது. க்ராங்க் 315 டிகிரி சுழன்றதும் ஒன்று, அப்புறம் 405 டிகிரி, மறுபடி 315. நொண்டி நொண்டி வருவது போன்ற அந்தத் தாளத்துக்கு இதுதான் காரணம். இந்தச் சத்தத்தையே வணிகமுத்திரையாகப் பதிவு செய்ய ஹார்லி 1994-ல் விண்ணப்பித்து, எதிர்ப்புகளுக்குப் பிறகு 2000-ல் விட்டுவிட்டது. சீரற்ற வெடிப்பு என்பது பழங்கால வண்டிகளின் குறை என்று நினைப்பவர்கள் யமஹா 2009-ல் செய்ததைப் பார்க்க வேண்டும். தங்கள் நான்கு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் பைக்கான ஆர்1-க்குக் க்ராஸ்பிளேன் என்ற வகைக் க்ராங்க் போட்டு, வெடிப்பு இடைவெளிகளை வேண்டுமென்றே சீரற்றதாக்கினார்கள். வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்டயரின் பிடி ஓட்டுபவர் கைக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது நோக்கம்.

'உன் இன்ஜின் சோம்பேறி, என் இன்ஜின் உயிரைக் கொடுத்து உழைக்கிறது' என்ற பேச்சும் சரியில்லை. ஹார்லியின் 1,745 சிசி மில்வாக்கி-எய்ட் இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் சுமார் 111 மில்லிமீட்டர். 2015-க்குப் பிந்தைய ஆர்1-ல் அது 50.9 மட்டும்தான். முதலாவது 5,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5,500 சுற்று) ஓடும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 20 மீட்டர் வரும். இரண்டாவது 13,500-ல் அலறும்போது சுமார் 23 மீட்டர். காதுக்கு ஒன்று தூங்குகிறது, மற்றது கதறுகிறது. உள்ளே இருக்கும் பிஸ்டனுக்கோ கிட்டத்தட்ட ஒரே பாடு. வேறுபாடு, அந்த உழைப்பை எங்கே கொடுக்கிறது என்பதில். முதலாவது 3,000-ஐ ஒட்டியே சுமார் 150 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைத் திருப்பும் விசை) கொடுத்துவிடும், கியரே மாற்ற வேண்டாம். இரண்டாவது 112-ஐத்தான் கொடுக்கும், அதுவும் 11,500-ல். ஆனால் பவர் என்பது டார்க்கும் சுற்றும் பெருக்கி வருவது. அந்த மேல்சுற்றால்தான் 1,000 சிசியில் 200 குதிரைத்திறன் கிடைக்கிறது.

சரி, இது வெறும் இயந்திரச் சண்டையா? இல்லை. இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1969-ல் ஜப்பானின் ஹோண்டா சிபி750 வந்தது. நான்கு சிலிண்டர், முன்னால் டிஸ்க் பிரேக், எண்ணெய் ஒழுகாத இன்ஜின். அதே வருடம் அமெரிக்காவின் டேடோனா 200 பந்தயத்தை ஹார்லியில் ஜெயித்தவர் கால் ரேபர்ன். அடுத்த வருடம் அங்கே ஜெயித்தது ஹோண்டாவில் வந்த டிக் மான். அதன் பிறகு ஹார்லிக்குச் சோதனைக் காலம். 1983-ல் ரீகன் அரசு 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி பைக்குகளின் வரியை 4.4 சதவீதத்திலிருந்து 49.4 ஆக்கியது. ஜப்பானிய நிறுவனங்கள் 750 சிசி வண்டிகளைச் சுருக்கி 700-க்குக் கீழே கொண்டுவந்து விற்றன. ஐந்து வருடத்துக்கென்று போட்ட அந்த வரியை முன்கூட்டியே நீக்கலாம் என்று 1987-ல் ஹார்லியே கேட்டுக்கொண்டது. ஒரு நாட்டின் தொழிற்சாலை, அங்கே வேலை செய்த குடும்பங்கள், மானம் எல்லாம் அதில் கலந்திருந்தது. அந்தச் சூடு தெரியாத தலைமுறையும் அந்தப் பேச்சை அப்படியே வாங்கி இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறது. ஸ்போர்ட்ஸ் பக்கம் 1985-ல் சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 வந்து, அலுமினிய ஃப்ரேமோடு பந்தய வண்டியைக் கிட்டத்தட்ட அப்படியே சாலைக்குக் கொண்டுவந்தது. அங்கிருந்து இரண்டு பாதையும் வெகுதூரம் பிரிந்துவிட்டன.

எது சொகுசு என்பதிலும் பொதுவான நம்பிக்கை பாதிதான் சரி. ஸ்போர்ட்ஸ் பைக்கில் மெதுவாகப் போகும்போது மணிக்கட்டு வலிக்கும், உண்மை. வேகம் ஏற ஏற எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிப் பிடித்து, கையின் சுமையைக் குறைத்துவிடும். டேங்க்கை முழங்காலால் இறுக்கிப் பிடிக்கத் தெரிந்தவருக்கு இன்னும் குறையும். க்ரூஸரில் நகரத்துக்குள் சிம்மாசனம்தான். நெடுஞ்சாலையில் அதே காற்று விரித்த நெஞ்சில் மோதிப் பின்னால் தள்ளும், ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குவது போல ஆகிவிடும். விண்ட்ஷீல்டு அங்கே அலங்காரம் இல்லை, தேவை. பள்ளத்தில் இறங்கும்போது கால் முன்னால் நீட்டியிருப்பதால் எழுந்து நிற்க முடியாது, அடி முழுக்க இடுப்பெலும்புக்குத்தான் போகும்.

ஆபத்து விஷயத்தில் மழுப்பாமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பதிவான வண்டிகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் பந்தய வண்டியை ஒட்டிய சூப்பர்ஸ்போர்ட் வகையை ஓட்டுபவர்களின் மரண விகிதம் மற்ற வகைகளைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. அங்கே முதல் காரணம் வேகம். அதே ஆய்வில், உயிரிழந்த க்ரூஸர் ஓட்டுநர்களிடையே குடித்திருந்தவர்களின் பங்கு சூப்பர்ஸ்போர்ட் தரப்பை விட அதிகம். ஆக, 'எங்கள் ஆட்கள் பொறுப்பானவர்கள்' என்று மார்தட்ட யாருக்கும் இடமில்லை. இன்னொன்றும் உண்டு. ஆய்வாளர் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் 900 பைக் விபத்துகளை ஆராய்ந்து 1981-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இன்னொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டில் தவறு அந்த இன்னொரு வாகனத்தினுடையது, பைக்குக்கு விட வேண்டிய வழியை விடவில்லை. குறுக்கே திரும்புகிற கார் ஓட்டுநர் நீங்கள் ஓட்டுவது எந்த வகை என்று பார்த்துத் திரும்புவதில்லை. அவர் உங்களையே பார்க்கவில்லை.

இரண்டு வகையையும் ஒன்றாக்கும் முயற்சிகளும் நிறைய நடக்கின்றன. யமஹா வி-மேக்ஸ் 1985-லேயே க்ரூஸர் உடம்பில் முரட்டு வேகத்தைக் கொடுத்தது. டுகாட்டி டியாவெல், 2,458 சிசி ட்ரையம்ஃப் ராக்கெட் 3 எல்லாம் அதே வழிதான். எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவில் 2020-ல் லகுனா செகா பந்தயத்தடத்தில் தொடங்கிய 'கிங் ஆஃப் த பேகர்ஸ்' பந்தயம். பக்கவாட்டுப் பெட்டிகளோடு, 280 கிலோவை ஒட்டிய ஹார்லிகளும் 'இந்தியன்' நிறுவனத்து வண்டிகளும் ஓட்டுபவரின் முழங்கால் தரையில் உரச வளைவில் திரும்புகின்றன. அங்கே முக்கியமாகச் செய்யும் வேலை சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயரத் தூக்குவது. சாய இடம் கிடைத்ததும் அதே வண்டி வளைவில் வேறு மாதிரி ஓடுகிறது. ஓட்டுபவருக்குத் தைரியம் இல்லை என்ற பேச்சுக்கு இதை விடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

எது நல்ல பைக் என்ற பாதிக்கு வருகிறேன். வளைவான பாதையில், தனியாக, ஓட்டுவதற்காகவே ஓட்டுகிறீர்கள் என்றால் ஸ்போர்ட்ஸ் பைக். நான் உடம்பால் ஓட்டக் கற்றுக்கொண்டது அதில்தான், அந்தச் சந்தோஷத்தை வேறெதுவும் கொடுத்ததில்லை. பின்னால் ஒருவரை உட்காரவைத்து நாள் முழுக்கப் போக வேண்டுமென்றால் யோசிக்காமல் க்ரூஸர். ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின்சீட் ஒரு பேச்சுக்கு இருப்பது, அங்கே உங்களுக்குப் பிரியமானவரை உட்காரவைக்காதீர்கள். புதிதாகக் கற்பவர் என்றால் 1,000 சிசி ஸ்போர்ட்ஸ் பைக்கும் வேண்டாம், 300 கிலோ க்ரூஸரும் வேண்டாம். நிமிர்ந்து உட்காரும் சாதாரண வண்டி ஒன்றில் தொடங்குங்கள்.

ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுகிறீர்கள் என்றால் பிரேக்கைக் கட்டாயம் புதிதாகப் பழக வேண்டும். ஸ்போர்ட்ஸ் பைக் நீளம் குறைந்தது, எடை மேலே இருப்பது. முன்பிரேக்கை அழுத்தினால் எடையெல்லாம் முன்னால் பாய்ந்து பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும், பின்பிரேக்கால் அங்கே பெரிய பயனில்லை. க்ரூஸர் நீளமும் தாழ்வுமானது, பின்சக்கரத்தில் எடை மிச்சமிருக்கும், பின்பிரேக் நிறைய வேலை செய்யும். அதற்காகப் பின்பிரேக்கை மட்டும் நம்பிவிடவும் கூடாது, நிறுத்துவதில் பெரும்பங்கு எப்போதும் முன்பிரேக்குக்குத்தான். வண்டி வாங்கியதும் ஆளில்லாத திடலுக்குப் போய், 40-ல் தொடங்கி 60 வரை, இரண்டு பிரேக்கையும் படிப்படியாக இறுக்கி நிறுத்திப் பாருங்கள். எந்த இடத்தில் சக்கரம் பூட்டுகிறது அல்லது பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் துடிக்கிறது என்பது விரலுக்கும் காலுக்கும் பழகும் வரை நெரிசலான சாலைக்கு அதை எடுத்துப் போகாதீர்கள்.